வெட்கமும் வைத்தியமும்

 

மதரஸாவில் சேரும் பிள்ளை ஃபிக்ஹில் முதலில் ஓதும் பாடம் எது என்பதை நீங்கள் அறிவீர்கள். தஹாரத் என்னும் தூய்மைப் பாடமே அது. மலம், சிறுநீர், இரத்தம், சீழ் ஆகியவை உடலிலிருந்து வெளியானால் சட்டம் என்ன, எவ்வாறு கழுவ வேண்டும், எதனால் ஒளு முறியும் என்பவற்றைப் பத்து வயதுச் சிறுவர் சிறுமியருக்கு நாம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிக் கொடுக்கிறோம். எவரும் முகம் சுளிப்பதில்லை. ஏனெனில் அது மார்க்கம்.

இப்படிப் பயிற்றுவிக்கப்பட்ட ஒரு சமுதாயத்தில், 'மலத்தோடு இரத்தம் போகிறது' என்ற ஒரே ஒரு வாக்கியத்தைக் கணவன் மனைவியிடம் சொல்லக் கூசுகிறான். தாய் மகனிடம் சொல்ல அஞ்சுகிறாள். மருத்துவரிடம் சொல்வதற்கோ மாதங்கள் பல கழிகின்றன. தூய்மைப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவன் நான். மலக்குடல் புற்றுநோய்க்கு ஆளாகி, வல்ல அல்லாஹ்வின் அருளால் சிகிச்சை முடித்து எழுந்து நிற்கிறேன். அந்தக் கூச்சத்தைப் பற்றியே இங்கு உங்களோடு பேச விரும்புகிறேன்.

நபித்தோழர்களின் வெட்கம்

வெட்கம் ஈமானைச் சார்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வெட்கம் எங்கே நிற்க வேண்டும், எங்கே விலகிக்கொள்ள வேண்டும் என்பதை நபித்தோழர்களின் வாழ்விலேதான் காண வேண்டும். ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களுக்குத் தம் உடல் பற்றி ஓர் ஐயம் ஏற்பட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளார் தம் இல்லத்தரசியாக இருந்தமையால் அதனை நேரில் கேட்க நாணினார்கள். அதற்காக ஐயத்தை நெஞ்சிலே புதைத்துக்கொண்டார்களா? இல்லை. மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்கச் செய்தார்கள். நாணமும் காக்கப்பட்டது, விடையும் கிடைத்தது.

ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) என்ற பெண்மணியோ நேரிலேயே வந்து கேட்டார்கள். தமக்கு உதிரம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறதே, தொழுகையை விட்டுவிடலாமா என்பது அவர்களின் கேள்வி. அது மாதவிடாய் அன்று, ஒரு நாளத்திலிருந்து வரும் உதிரமே என்று விளக்கிய பெருமானார் (ஸல்) அவர்கள், அதன் காரணமாகத் தொழுகையை விட வேண்டாம் என்று வழிகாட்டினார்கள். அந்தப் பெண்மணி அன்று துணிந்து கேட்ட கேள்வி, 1400 ஆண்டுகளுக்குப் பின் என் போன்ற நோயாளிக்கும் தொழுகையின் வாசலைத் திறந்து வைத்தது. அது எவ்வாறு என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

நோய் வெளிப்பட்ட விதம்

2022 ஜூலை மாதத்தில் முதன்முறையாக இரத்தம் கண்டேன். வலி சிறிதும் இல்லை. மூலம் என்றுதான் எவரும் எண்ணுவர். ஒரே வாரத்தில் மூன்று முறை கண்டதும் எங்களூர் மருத்துவரிடம் சென்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் உடனே மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. மலம் கழிக்கும் வழக்கம் மாறியிருக்கிறதா? கழித்த பின்னும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு உண்டா? உடல் மெலிந்திருக்கிறதா? குடும்பத்தில் எவருக்கேனும் குடற்புற்று இருந்ததா? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டார். பின்னர், கையுறை அணிந்து விரலால் சோதிக்க வேண்டும் என்றார்.

ஊரார் 'ஹஜ்ரத்' என்று அழைக்கும் ஒருவனுக்கு, நாற்பத்து நான்கு வயதில், அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே உணர்வீர்கள். ஆயினும் சிகிச்சைக்குத் தேவையான அளவுக்கு மறைவிடத்தை மருத்துவரிடம் காட்டலாம் என்பது நானே பாடமாக நடத்தும் மஸ்அலாதானே! பிஸ்மி சொல்லிப் படுத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "விரல் நுனியில் ஏதோ தட்டுப்படுகிறது. தாமதிக்காமல் சென்னைக்குப் போங்கள்" என்றார். அந்த அரை நிமிடக் கூச்சத்தைத் தாங்கியதன் பயனைத்தான் இன்று வரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

சென்னையில் 'கொலனோஸ்கோபி' என்னும் சோதனை செய்தார்கள். முதல் நாள் நீராகாரம் மட்டும் உண்டு, பேதி மருந்து கலந்த நீரைக் குடித்துக் குடலைச் சுத்தமாக்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் முனையில் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை உட்செலுத்திக் குடல் முழுவதையும் பார்க்கிறார்கள். மயக்க மருந்து தருவதால் துன்பம் அதிகமில்லை. கலைப் பட்டதாரியான எனக்கு உடற்கூறு தெரியாது. மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்தே விளக்கினார். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுடையது. அதன் கடைசி 15 சென்டிமீட்டர் அளவு மலக்குடல். குடலின் உட்சுவரில் 'பாலிப்' எனப்படும் சிறு சதை முளைகள் சிலருக்குத் தோன்றும். அவற்றுள் சில, பெரும்பாலும் பத்தாண்டு அளவில், மெல்ல மெல்லப் புற்றாக மாறுகின்றன. முளையாக இருக்கும்போதே கண்டால் அந்தக் குழாயின் வழியாகவே அறுத்து எடுத்துவிடலாம். கத்தியும் வேண்டாம், கீமோவும் வேண்டாம்.

என் உடலில் அந்த நிலை கடந்துவிட்டிருந்தது. திசு ஆய்வு புற்று என்றது. ஸ்கேன் படங்கள், அது குடற்சுவரைக் கடந்து அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களைத் தொட்டுவிட்டதையும், கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவவில்லை என்பதையும் காட்டின. இதனை மூன்றாம் நிலை என்பர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன் என்று சொல்லிவிட்டு, அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று கேட்டேன்.

பெயர் சொல்லாத நோய்

ஊருக்குத் திரும்பியதும் உறவினர் கூடினர். மூத்த உறவினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "வெளியே சொல்லாதீர்கள். மகளுக்குச் சம்பந்தம் பேசும் காலம். வயிற்றில் கட்டி என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். அவர் சொன்னதில் என் மீதுள்ள அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. நம் வீடுகளில் இந்நோய்க்குப் பெயரே கிடையாது. 'அந்த நோய்' என்பதே அதன் பெயர்.

அன்றிரவு என் மனைவியிடம் ஆலோசித்தேன். "என்னங்க, உங்கள் தம்பிக்கும் தங்கைக்கும் சொல்லாமல் இருக்க முடியுமா? டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள். மருத்துவர் சொன்னது இதுதான்: பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இந்நோய் கண்டால் மற்றவர்களுக்கும் வரக்கூடிய வாய்ப்பு கூடுதல், ஆகவே அவர்கள் 40 வயதில், அல்லது நோயாளிக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னதாக, இவற்றுள் எது முந்தியதோ அப்போதே கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். என் கணக்குப்படி அது 34 வயது. என் தம்பிக்கு அப்போது 39.

நோயை மறைத்தால் என் மானம் காக்கப்படலாம். என் தம்பிக்குச் சேர வேண்டிய எச்சரிக்கையோ மறைந்துவிடும். அது அமானிதம் அல்லவா? அன்றிரவே ஷார்ஜாவிலிருந்த தம்பிக்கும், அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கைக்கும் நோயின் பெயரைச் சொல்லியே தெரிவித்தேன். தங்கைக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். தம்பியின் குடலில் இரண்டு பாலிப்கள் இருந்தன. சோதனையின்போதே அவற்றை அகற்றிவிட்டார்கள். ஆய்வில் புற்று இல்லை என்று வந்தது. அந்தச் செய்தி வந்த நாளில் எனக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. நோயுற்ற பின் நான் முதன்முறையாக மனம் நிறைந்து ஷுக்ரு செய்தது அன்றுதான்.

சிகிச்சை

நம் மக்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு, வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் 28 நாட்கள் நடந்தது. அத்துடன் கீமோ மாத்திரையும் உண்டு. கட்டியைச் சுருக்கி, அறுவையை எளிதாக்குவதும், நோய் மீண்டும் அதே இடத்தில் தலைகாட்டாமல் தடுப்பதும் இதன் நோக்கம். சிகிச்சையின் பிற்பகுதியில் மலவாயில் எரிச்சலும் அடிக்கடி வெளிக்குப் போகும் துன்பமும் இருந்தன. டிசம்பரில் அறுவை நடந்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்து 1013-ஆம் ஆண்டில் மறைந்த அஸ்ஸஹ்ராவி அவர்கள், 30 பாகங்கள் கொண்ட தம் 'கிதாபுத் தஸ்ரீஃப்' நூலில், விலங்கின் குடலிலிருந்து எடுத்த இழையால் குடற்காயத்தைத் தைப்பதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். புற்றுக் கட்டி சிறியதாக, முழுதும் அகற்றத்தக்க இடத்தில், தொடக்க நிலையில் இருந்தால் அறுத்து அகற்றலாம் என்பதும், முற்றிப் பெரிதாகிவிட்டால் கத்தி வைக்கலாகாது என்பதும் அவர்களின் கருத்து. மயக்க மருந்தும் ஸ்கேனும் இல்லாத காலத்திலேயே, காலம் தாழ்த்தாமையே இந்நோய்க்கு முதல் மருந்து என்பதை நம் முன்னோர் ஒருவர் கண்டிருந்தார். இன்றைய கணக்கும் அதையே சொல்கிறது. அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி, குடலுக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களிலோ பத்தில் ஒருவர் அல்லது இருவரே.

அறுவைக்குப் பின் 2023 ஜனவரி முதல் மே வரை, மூன்று வாரத்திற்கு ஒரு முறையாக ஆறு கீமோ. எனக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்று, குளிர்ச்சி பட்டால் விரல்களில் மின்சாரம் பாய்ந்தாற்போல் விறுவிறுக்கச் செய்யும். பஜ்ரு நேரத்தில் குழாயைத் திறந்து ஒளுவுக்குக் கை நீட்டினேன். ஊசிகளைக் கொட்டி வைத்தது போலிருந்தது. அன்று முதல் என் மனைவி தஹஜ்ஜுத் நேரத்திலேயே எழுந்து வெந்நீர் போட்டு வைத்தாள். வெந்நீருக்கு வசதி இல்லாமல், தண்ணீர் நோயைக் கூட்டும் என்ற நிலை வந்தால் தயம்மும் இருக்கிறது. மார்க்கம் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. முன்னால் இழுத்துக்கொண்டு ஓடவில்லை.

அந்த ஆண்டு மார்ச் 24-இல் ரமளான் பிறந்தது. எனக்கு நோன்பில்லை. பிள்ளைகள் சஹருக்கு எழும்போது நான் மாத்திரைக்காக எழுந்தேன். குணமாகும் நம்பிக்கை உள்ள நோயாளி ஃபித்யா கொடுத்து முடித்துக்கொள்ள இயலாது. நலமானபின் களாச் செய்ய வேண்டும். ஆகவே அந்த 'களா' என்ற சொல்லே எனக்கு ஒரு நற்செய்தியாக ஒலித்தது. பகல் குறுகிய அடுத்த குளிர்காலத்தில், மருத்துவரின் அனுமதியோடு, அத்தனை நோன்பையும் நோற்று முடித்தேன்.

வயிற்றில் ஒரு பை

இப்போது, நான் முதலில் குறிப்பிட்ட அந்தத் தொழுகையின் வாசலுக்கு வருகிறேன்.

குடலை வெட்டி இணைத்த இடம் ஆறும்வரை அதன் வழியே மலம் போகக் கூடாது. ஆகவே சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிடுவார்கள். எனக்கு இது ஏழு மாதம் இருந்தது. மலவாயை ஒட்டியே கட்டி இருக்கும் சிலருக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கும். அறுவைக்கு முன் இதைச் சொன்னபோது நான் மருத்துவரிடம் கேட்ட முதல் கேள்வி, "தொழ முடியுமா?" என்பது. அவர் சிரித்தார். "குனியலாம், நிமிரலாம். ஆறு வாரம் கனம் மட்டும் தூக்காதீர்கள். மற்றது உங்கள் படிப்பு ஐயா, என் படிப்பு அல்ல" என்றார்.

பையில் சேர்வது நம் விருப்பப்படி வருவதில்லை. ஒளுச் செய்துகொண்டிருக்கும்போதும் வரும், சஜ்தாவிலும் வரும். சில வேளை சப்தமும் எழும். எனக்கு ஓதித் தந்த உஸ்தாதிடம் சென்று ஆலோசித்தேன். அவர்கள் கிதாபை எடுக்கவே இல்லை. "ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷின் ஹதீஸை நீங்கள் எத்தனை ஆண்டு நடத்தியிருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு என் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். அடக்க இயலாமல் தொடர்ந்து வெளியாகிக்கொண்டிருக்கும் நிலையில் உள்ளவருக்கு, உதிரம் நிற்காத அப்பெண்மணிக்குக் காட்டப்பட்ட வழியே வழி. வக்து வந்தபின் பையைக் காலி செய்து, சுத்தம் செய்து, ஒளுச் செய்து, தாமதமின்றித் தொழ வேண்டும். தொழுகையின் இடையில் வெளியாவது தொழுகையைக் கெடுக்காது. ஷாஃபிஈ மதுஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி ஒளு. ஹனஃபி மதுஹபில் அந்த வக்து முடியும்வரை ஒரே ஒளு. நுணுக்கமான விவரங்களை அவரவர் மதுஹபின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பை கசியாமல், பள்ளியை அசுத்தப்படுத்தும் அச்சம் இல்லாமல் இருந்தால் பள்ளிவாசலுக்கு வருவதற்கும் தடையில்லை.

நான் வந்தேன். கடைசி ஸஃப்பின் ஓரத்தில் நின்றேன். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் பெரியவர் ஒருவர் என்னருகில் வந்து அமர்ந்தார். எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். பின்னர் தம் சட்டையைச் சற்றே விலக்கிக் காட்டினார். அங்கும் ஒரு பை. இரண்டாண்டுகளாக இருக்கிறதாம். "நான் நஜீஸாகிவிட்டேன், இனித் தொழுகை கூடாது என்று இருந்துவிட்டேன் ஹஜ்ரத். யாரிடம் போய் இதைக் கேட்பது?" என்றார். அவர் கண்களைப் பார்க்க என்னால் முடியவில்லை. நோய் அவரிடமிருந்து ஒரு முழம் குடலைத்தான் எடுத்தது. வெட்கம் அவரிடமிருந்து இரண்டாண்டுத் தொழுகையை எடுத்துக்கொண்டது. அடுத்த வாரம் ஜும்ஆவில் அவர் என் பக்கத்தில் நின்றார். பை இரண்டு, ஸஃப் ஒன்று.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

அந்தப் பெரியவருக்காகவே இதை எழுதத் துணிந்தேன். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 19 லட்சம் பேருக்குக் குடற்புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. நம் மஹல்லாக்களும் அந்த உலகத்தில்தான் இருக்கின்றன.

மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் நீடிக்கும் வழக்க மாற்றம், காரணமில்லாத மெலிவு, காரணம் தெரியாத இரத்தசோகை இவற்றில் எது கண்டாலும் மூலம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மூலமாகவே இருக்கலாம், அதை மருத்துவர் சொல்லட்டும். சகோதரிகளே! ஆண் மருத்துவரிடம் கூசினால் பெண் மருத்துவரைத் தேடிச் செல்லுங்கள். நேரில் சொல்ல நா எழாவிட்டால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அலீ (ரலி) அவர்கள் மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பியதும் அப்படித்தானே! கணவன்மார்களே! 'மூலம்தான், சரியாகிவிடும்' என்று மனைவியின் வாயை அடைக்காதீர்கள். ஆலிம் பெருமக்களே! நோயாளியின் தொழுகை பற்றிய சட்டங்களை ஆண்டிற்கு ஒரு முறையேனும் ஜும்ஆ மேடையில் பேசுங்கள். கேட்க வெட்கப்படுபவர், கேட்காமலே விடை பெற்றுச் செல்வார்.

2023 ஜூலையில் என் பையை அகற்றிக் குடலை மீண்டும் உள்ளே வைத்துவிட்டார்கள். முன்பு போல் இல்லை. வெளிக்குப் போகும் அவசரம் அடிக்கடி வருகிறது. வகுப்பின் நடுவே எழுந்து போக வேண்டியிருக்கிறது. என் மாணவர்களிடம் காரணத்தைச் சொல்லிவிட்டேன். தூய்மைப் பாடம் ஓதும் பிள்ளைகள் அல்லவா, ஒருவரும் சிரிக்கவில்லை. குறித்த கால இடைவெளியில் இரத்தச் சோதனையும் ஸ்கேனும் தொடர்கின்றன. அறுவையிலிருந்து ஐந்தாண்டு நிறையும்வரை தொடர வேண்டும் என்பது மருத்துவர் சொல். முடிவு அல்லாஹ்விடம்.

நோயுற்றோர் அனைவருக்கும் அவன் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! நோயைச் சொல்லும் நாவையும், கேட்கும் செவியையும், பரிவு காட்டும் நெஞ்சையும் நமக்கு நல்குவானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன். வஸ்ஸலாம்.